வீட்டு சர்வருக்கு ரேமும் டிஸ்க்கும்: எதை, எவ்வளவு, ஏன்

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் இன்றைக்கு எத்தனை கணினி வேலை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முகப்பிலும் பின்கட்டிலும் கேமரா, அதற்கு ஒரு பதிவுப் பெட்டி. கடைக் கணக்குக்கு டேலி போட்ட விண்டோஸ் கணினி. பர்மா, மலாயாவிலிருந்து வந்த கடிதங்களையும் பழைய கல்யாணப் படங்களையும் ஸ்கேன் செய்து வைத்த ஹார்ட் டிஸ்க் ஒன்று. அது யார் பீரோவில் இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் நிச்சயமில்லை. இத்தனையையும் ஒரே பெட்டியில், ஒன்றில் வரும் கோளாறு இன்னொன்றைத் தொடாதபடி ஓட்டலாம். இதைத்தான் மெய்நிகராக்கம் என்கிறார்கள். உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் கணினி, பேச்சில் விஎம். இதற்கு வீடுகளில் அதிகம் போடப்படுவது டெபியன் லினக்ஸின் மேல் எழுந்த ப்ராக்ஸ்மாக்ஸ். இலவசமாகவே பயன்படுத்தலாம். மற்ற மென்பொருள்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது செயலியைப் பற்றி: ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா. வீட்டு சர்வரில் செயலி நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். நான்கு கோர் உள்ள பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பே தாராளம். திணறுவது ரேமும் டிஸ்க்கும்தான். பணத்தை அங்கே போடுங்கள்.

ஏன் அப்படி? பல புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள், சேர்ந்து இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிணறு பொது. ஒருவர் இறைத்து முடித்ததும் அடுத்தவர் இறைப்பார்; ஆளுக்கொரு கிணறு வேண்டியதில்லை. செயலி அந்தக் கிணறு. தனிக் குடித்தனமாக வேறு வைத்த பிறகு அறை ஆளுக்கொன்று. உங்கள் அறை நிறைந்துவிட்டது என்று அடுத்தவர் அறையில் மூட்டையை இறக்க முடியாது. அது ரேம். டிஸ்க்கில் இடம் தனித்தனிதான், ஆனால் போக வர வாசல் ஒன்றே. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் வாசலில் நெரிசல்.

ரேம்: முதலில் கூட்டிப் பாருங்கள்

ரேமைக் குத்துமதிப்பாக வாங்காதீர்கள். ஓடப்போவதை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு 2 ஜிபி. டேலி ஓடும் விண்டோஸ் 11, 4 ஜிபியில் நிறுவப்படும், ஆனால் அப்டேட் நாளில் இழுக்கும், 8 வையுங்கள். படங்களைச் சேர்த்து வைத்து முகம் பார்த்துப் பிரிக்கும் இம்மிச்சுக்கு 6. கேமராப் பதிவுக்கு ஃப்ரிகேட், 4. மோட்டார், விளக்கு இவற்றைக் கவனிக்கும் ஹோம் அசிஸ்டன்ட் 2. விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் அரை ஜிபி. மொத்தம் 22.5 ஜிபி. இதோடு இசட்எஃப்எஸ் கோப்பு முறையின் தற்காலிக நினைவுக்கு ஒரு 4 ஜிபி சேர்த்தால் 26.5. ஆக, 32 ஜிபி வாங்க வேண்டும். 16 ஜிபியில் இதை அடைக்க முயன்றால் அடைபடுவது போலத் தெரியும், ஒரு வாரம் கழித்துத்தான் பிரச்சினை தலைகாட்டும்.

என்ன பிரச்சினை? ரேம் முற்றிலும் தீர்ந்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏதாவது ஒன்றைக் கொன்று இடம் பிடிக்கும். அதிகம் தின்பது எதுவோ அதுவே பெரும்பாலும் பலி. நம் கணக்கில் அது டேலி ஓடும் விண்டோஸ். எந்த எச்சரிக்கையும் வராது; விஎம் திடீரென்று அணைந்து கிடக்கும், வைரஸ் என்று சந்தேகப்பட்டு இரண்டு நாள் அலைவார்கள். சர்வரின் சிஸ்டம் பதிவைத் திறந்தால் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று ஒரே வரியில் காரணம் எழுதியிருக்கும்.

இன்னொன்று: ஒரு விஎம்முக்கு 8 ஜிபி கொடுத்தால், அது 3 ஜிபிதான் பயன்படுத்துகிறது என்று உள்ளே காட்டினாலும் வெளியே 8 போய்விட்டதாகவே வையுங்கள். விண்டோஸ் கிளம்பும்போதே கொடுத்த ரேம் முழுவதையும் ஒருமுறை தொட்டுவிடும். பலூன் என்ற வசதி சும்மா கிடக்கும் ரேமைத் திரும்ப வாங்கும், ஆனால் விண்டோஸில் அதற்குரிய விர்ட்ஐஓ டிரைவர் போட்டிருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு போன்ற ஒன்றை நேரடியாக விஎம்மிடம் ஒப்படைத்தால் பலூனும் உதவாது. முழு ரேமும் அந்த விஎம்முக்கென்று பூட்டப்படும். தனி இயங்குதளம் இல்லாமல் சர்வரின் கெர்னலையே பகிர்ந்து ஓடும் கன்டெய்னர்கள் இந்த விஷயத்தில் சாது. அவற்றுக்குக் கொடுக்கும் எண் உச்ச வரம்பு மட்டுமே, தின்ற அளவுதான் கணக்கு. அதனால் லினக்ஸில் ஓடக்கூடிய சின்ன வேலைகளைக் கன்டெய்னரில் வைப்பதே சிக்கனம்.

இசட்எஃப்எஸ் போட்டவர்கள் பயந்து கேட்பது: ‘ஒன்றுமே ஓடவில்லை, பாதி ரேம் போய்விட்டதே?’ அடிக்கடி படிக்கும் தரவை அது ரேமில் வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்புக்கு ஆர்க் என்று பெயர். முன்பெல்லாம் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல், புதிதாக நிறுவும்போது 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வரம்பு வைத்துவிடுகிறார்கள். பழைய பதிப்பை அப்படியே மேம்படுத்திக்கொண்டு வந்திருந்தால் பழைய வரம்பே இருக்கும், நீங்கள்தான் குறைக்க வேண்டும். வேறு யாராவது கேட்டால் ஆர்க் இடத்தை விட்டுக்கொடுக்கும் என்பது உண்மை. பெரிய விஎம் ஒன்று திடீரென்று கிளம்பும்போது அந்த வேகத்துக்கு விட்டுக்கொடுக்காது என்பதும் உண்மை.

எந்த ரேம் குச்சி

டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் நடுவில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். மாற்றிப் பொருத்த முடியாது. கையளவு மினி பெட்டிகளில் லேப்டாப்பில் போடும் சின்னக் குச்சி, உயரமான பெட்டிகளில் நீளக் குச்சி. இவை பார்த்தாலே தெரியும். ஏமாறும் இடம் வேறு: பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம் மலிவாகக் கிடைக்கும். டிடிஆர்4 என்றால் காடியில்கூட அழகாக உட்காரும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டு அதை வைத்துக்கொண்டு கிளம்பவே கிளம்பாது. ஸ்டிக்கரில் ‘பிசி4’ என்று தொடங்கும் குறியீட்டில் வேக எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ இருந்தால் தொடாதீர்கள்.

பிழை திருத்தும் ஈசிசி ரேம் வேண்டுமா? செயலியும் போர்டும் ஏற்குமானால், விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் வாங்குங்கள். அதற்காகவே போர்டை மாற்றத் தேவையில்லை. ஈசிசி இல்லாமல் இசட்எஃப்எஸ் போட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஈசிசி இல்லாத கணினியில் மற்றக் கோப்பு முறைகளுக்கு இருக்கும் அதே ஆபத்துதான் இதற்கும். டிடிஆர்5 குச்சிகளில் ‘ஆன்-டை ஈசிசி’ என்று எழுதியிருப்பது சிப்புக்குள் மட்டும் நடக்கும் திருத்தம். செயலிக்கும் ரேமுக்கும் நடுவே வரும் பிழையை அது பார்க்காது.

காடி நான்கு இருந்தால் 16 ஜிபி இரண்டு போட்டு இரண்டைக் காலியாக விடுங்கள். இரண்டே காடி உள்ள மினி பெட்டியில், நாளைக்கு 64 ஜிபிக்குப் போகும் எண்ணம் இருந்தால், இன்றைக்கே 32 ஜிபியாக ஒரே குச்சி வாங்குவது நல்லது. இரண்டு குச்சி சேர்ந்து தரும் இரட்டைச் சானல் வேகம் போய்விடுமே என்றால், இந்த மாதிரி வேலைகளில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கழற்றிப் போட்ட இரண்டு குச்சிகளை விற்க அலைவதுதான் தெரியும். எக்ஸ்எம்பி போன்ற வேகமேற்றும் அமைப்பை அணைத்தே வையுங்கள். புது ரேம் போட்டதும், அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தக் குச்சி கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

டிஸ்க்: வேலையைப் பிரியுங்கள்

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒருமுறை சுற்ற 8.33 மில்லி விநாடி. தேடும் இடம் முள்ளுக்கடியில் வர சராசரியாகப் பாதிச் சுற்று, 4.17. முள் நகர இன்னும் 8 போல. ஆக ஒரு தேடலுக்கு 12 மில்லி விநாடி. விநாடிக்கு 80 தேடல். தனிக் கணினிக்கு இது சமாளிக்கக்கூடியது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு முடிந்து கரண்ட் வந்ததும் ஐந்து விஎம்மும் ஒரே நேரத்தில் கண்விழித்து, இந்த 80-ஐப் பங்கு போட்டுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். எல்லாம் எழுந்து நிற்கக் கால் மணி நேரம்கூட ஆகலாம். சாட்டா கேபிளில் இணையும் சாதாரண எஸ்எஸ்டி விநாடிக்குப் பல்லாயிரம் தேடல் செய்யும். ஆகவே விஎம்கள் குடியிருக்க எஸ்எஸ்டி. படம், வீடியோ, கேமராப் பதிவு போன்ற கனமான, வரிசையாக எழுதப்படும் சரக்குக்கு ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டியாகவே இருந்தாலும் ஒவ்வொரு விஎம்முக்கும் கிளம்பும் வரிசையும் நடுவில் 30 விநாடி இடைவெளியும் குறித்து வையுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸைப் பென்டிரைவில் நிறுவாதீர்கள். அது தன் பதிவேடுகளையும் அமைப்பையும் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், பென்டிரைவ் தாங்காது.

எஸ்எஸ்டி பெட்டியில் பெரிதாக அச்சிட்ட, விநாடிக்கு இத்தனை எம்பி என்ற வேகக் கணக்கைப் பார்த்து வாங்குவதில் பயன் குறைவு. பார்க்க வேண்டியது டிபிடபிள்யூ: ஆயுளில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று நிறுவனம் உறுதி தரும் அளவு. ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 என்பது வழக்கம். நான்கு பிட் வைக்கும் மலிவான க்யூஎல்சி வகையில் 220 என்றுகூட இருக்கும்.

கேமராவை வைத்து இதைக் கணக்குப் போடலாம். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 173 ஜிபி. முப்பது நாள் வைத்திருக்க 5.2 டிபி இடம் வேண்டும். 220 டிபிடபிள்யூ உள்ள எஸ்எஸ்டியில் எழுதினால் மூன்றரை வருடத்தில் உறுதி தீர்ந்துவிடும். இதற்கு எந்த ஹார்ட் டிஸ்க்கும் ஆகும் என்றில்லை: ஆண்டுக்கு 63 டிபி எழுதுகிறோம், சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஆண்டுக்கு 55 டிபி என்றுதான் வேலை வரம்பு. நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று வரும் நாஸ் வகையான ஐயன்வுல்ஃப், ரெட் பிளஸ் இவற்றுக்கும், கேமராவுக்கென்றே வரும் பர்ப்பிள், ஸ்கைஹாக் இவற்றுக்கும் 180. கேமராப் பதிவை விஎம் இருக்கும் எஸ்எஸ்டியில் போடாதீர்கள் என்று சொல்ல இந்தக் கணக்கே போதும்.

உடனே எழுது என்றால் உடனே எழுதுமா

புதியவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. டேட்டாபேஸ் ஒன்று கணக்கு வரியைப் பதியும்போது, ‘நிரந்தரமாக எழுதிவிட்டாய் என்று சொல்லும் வரை நகரமாட்டேன்’ என்று டிஸ்க்கிடம் நிற்கும். சாதாரண எஸ்எஸ்டி தன் உள் நினைவில் வாங்கிக்கொண்டு மெதுவாகச் சிப்பில் எழுதிப் பழகியது. இப்படி நிற்க வைத்துக் கேட்டால் அதன் விளம்பர வேகம் சரிந்துவிடும். சர்வர் வகை எஸ்எஸ்டியில் வரிசையாகச் சின்ன மின்தேக்கிகள் இருக்கும். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்க அந்த மின்சாரம் போதும். அந்தத் தைரியத்தில் அது உடனே ‘ஆயிற்று’ என்று சொல்லும். இசட்எஃப்எஸ், பல விஎம், டேட்டாபேஸ் என்று சேரும்போது வித்தியாசம் பல மடங்கு.

இன்டெல் எஸ்3510, சாம்சங் பிஎம்883, மைக்ரான் 5300 போன்ற சாட்டா வகைகளில் இந்த மின்தேக்கி உண்டு. பழையதாகக் கிடைத்தால், புது க்யூஎல்சியைவிட இவையே வீட்டு சர்வருக்குத் தகும். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வடிவில் வரும் இந்த ரகங்கள் பல 110 மில்லிமீட்டர் நீளம். வீட்டு போர்டுகளில் 80-க்குத்தான் இடம் இருக்கும். அளந்துவிட்டு வாங்குங்கள். எம்.2 காடி சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்பதையும், அதில் எஸ்எஸ்டி போட்டால் ஏதாவது சாட்டா போர்ட் அணைந்துபோகுமா என்பதையும் போர்டின் கையேட்டில் பார்க்க வேண்டும்.

வேகம் போதவில்லை என்று இசட்எஃப்எஸ்ஸில், இப்படி எழுதி முடியும்வரை காத்திருக்க வைக்கும் ‘சிங்க்’கை அணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அணைத்தால் வேகம் வரும். கரண்ட் போனால் கடைசி ஐந்து விநாடி போலப் பதிந்தது போய்விடும், டேலியோ பதிந்ததாகச் சொல்லியிருக்கும். நம் ஊர் கரண்டை நம்பி இதைச் செய்ய வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது

தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை, தனித்தனித் தடம் உள்ள சிஎம்ஆர் வகை என்று இரண்டு உண்டு. எஸ்எம்ஆரில் ஒரு தடத்தை மாற்ற அக்கம்பக்கத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். ஒரு டிஸ்க் செத்து, புதியதில் எல்லாவற்றையும் திருப்பி எழுதும் நாளில் இது நாள்கணக்கில் இழுக்கும். நடுவிலேயே டிஸ்க் பழுது என்று தொகுதியிலிருந்து தள்ளப்படலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை 2020-இல்தான் ஒப்புக்கொண்டது. சிஎம்ஆர் வேண்டுமானால் இப்போது ரெட் பிளஸ் என்று கேட்க வேண்டும். கடைக்காரரிடம் ‘4 டிபி கொடுங்கள்’ என்றால் கைக்கு வருவது பெரும்பாலும் டெஸ்க்டாப் எஸ்எம்ஆர்தான். மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். நாஸ் வகையில் இன்னொரு நன்மை: படிக்க முடியாத இடம் வந்தால் 7 விநாடியில் கைவிட்டுப் பிழை சொல்லிவிடும், டெஸ்க்டாப் டிஸ்க் போல முட்டிக்கொண்டே நிற்காது.

இரண்டு டிஸ்க் என்றால் மிரர்: ஒன்றில் எழுதுவது மற்றதிலும் இருக்கும். 4 டிபி இரண்டு போட்டால் கையில் நிற்பது 4 டிபி, திரையில் 3.64 என்று காட்டும். ஏமாற்று ஒன்றுமில்லை, அது 1024-ஆல் வகுத்த கணக்கு. மேலே சொன்ன கேமராவுக்கும் படங்களுக்கும் சேர்த்து 8 டிபி இரண்டு வேண்டும், இசட்எஃப்எஸ்ஸை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதையும் சேர்த்து. மூன்று நான்கு டிஸ்க்கை, ஒன்று செத்தாலும் தரவு நிற்கும்படி சேர்க்கும் ரெய்டு-இசட் ஆக்கி அதில் விஎம்களை வைக்காதீர்கள்: தொகுதி முழுவதும் ஒரே டிஸ்க்கின் தேடல் வேகம்தான் கிடைக்கும். யுஎஸ்பியில் தொங்கும் டிஸ்க் பேக்கப்புக்கு மட்டும்.

பழைய டிஸ்க் வாங்கினால், அது தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே உள்ள மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். ஓடிய மணிக்கணக்கை அழித்துப் புதிது என்று விற்பதும் நடக்கிறது. சீகேட் டிஸ்க் என்றால் ஃபார்ம் என்ற தனிப் பதிவில் உண்மை மணி இருக்கும், இரண்டையும் ஒப்பிடலாம். சர்வர்களில் வரும் சாஸ் வகை டிஸ்க் சாட்டா கேபிளில் பொருந்தாது. சர்வரிலிருந்து வந்த சாட்டா டிஸ்க் சுற்றவே இல்லை என்றால், மின்கேபிளில் வரும் 3.3 வோல்ட் அதை அணைத்தே வைத்திருக்கலாம். 3.3 வோல்ட் இல்லாத மோலெக்ஸ் மாற்றி போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

வைக்கும் இடமும் கரண்டும்

கனத்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை: கீழ்க்கட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தை, ஒட்டிய அறை சர்வருக்கு அருமையான இடம். சித்திரை வெயிலில் மாடி அறை கொதிக்கும். தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் கீழ்க்கட்டும் மாடியாகிவிடும். ஹார்ட் டிஸ்க் 45 டிகிரிக்குக் கீழ் இருக்கட்டும். என்விஎம்இ எஸ்எஸ்டி 70-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மேலே ஒரு அலுமினியத் தகடு போடுங்கள். செம்மண் தூசியை மாதம் ஒருமுறை ஊதி எடுங்கள். பின்பக்கத் திறப்புகளுக்கு வலை அடியுங்கள், பல்லி உள்ளே போய்ப் பவர் சப்ளையில் கருகினால் இரண்டும் போச்சு. பழைய வயரிங்கில் பல இடங்களில் எர்த் இல்லை. பெட்டியைத் தொட்டால் சுர் என்றால் முதலில் எலக்ட்ரீஷியன், பிறகு சர்வர்.

வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் போதாது. மாறும் கணத்தில் சர்வர் ரீபூட் ஆகக்கூடும். பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்லவும் அதற்குத் தெரியாது. நடுவில் யுஎஸ்பி கேபிள் உள்ள 600 விஏ அல்லது 1 கேவிஏ யுபிஎஸ் வைத்து, சர்வரில் நட் என்ற மென்பொருளை அமைத்தால், பேட்டரி இறங்கும்போது விஎம்களை ஒழுங்காக அணைத்துவிடும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும்; சதுர அலையைப் பல யுபிஎஸ்கள் கரண்டாகவே மதிக்காது, தன் பேட்டரியையே தின்னும். மின்வேதியியலுக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் காரைக்குடி. அந்த ஊரிலும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறப்பவர்கள்தான் அதிகம். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய என்விஎம்இ எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் அறிக்கையில் ‘அன்சேஃப் ஷட்டவுன்ஸ்’ என்ற எண்ணைப் பாருங்கள். மாதா மாதம் கூடினால் யுபிஎஸ் ஏற்பாடு வேலை செய்யவில்லை.

இடம் தீரும் விதம்

எல்விஎம்-தின் என்ற டிஸ்க் ஒதுக்கும் முறையைப் போட்டால் 500 ஜிபி எஸ்எஸ்டியிலேயே மொத்தம் 800 ஜிபிக்கு விஎம் டிஸ்க்குகள் உருவாக்கலாம். எழுதிய அளவு மட்டுமே இடம் பிடிக்கும். உண்மையில் 500 நிறைந்த அன்று எல்லா விஎம்மும் ஒருசேர எழுத முடியாமல் நிற்கும், சிலவற்றின் கோப்பு முறை கெடும். இதைத் தள்ளிப்போட ஒவ்வொரு விஎம் டிஸ்க்கிலும் ‘டிஸ்கார்டு’ குறியைப் போடுங்கள். உள்ளே அழித்த இடம் அப்போதுதான் வெளியே திரும்பும். 80 சதவீதத்தில் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம், விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக இணைத்து டிரைவரை ஏற்றினால் தெரியும்.

மிரர் பேக்கப் ஆகாது. தவறி அழித்த ஆல்பம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும், இடி விழுந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். தினமும் இரவு விஎம்களின் பேக்கப் யுஎஸ்பி டிஸ்க்குக்குப் போகட்டும். அதேபோல் இன்னொரு டிஸ்க் வாங்கி, சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போதெல்லாம் மாற்றிக் கொடுத்தனுப்புங்கள். கேமராப் பதிவை இதில் சேர்க்க வேண்டாம், படமும் கணக்கும் போதும். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு விஎம்மை வேறு விஎம் எண்ணில் மீட்டு, நெட்வொர்க்கைத் துண்டித்துக் கிளப்பி, டேலியில் நேற்றைய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் அது பேக்கப்.